அசுரன் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஆசிரியர்

(ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கந்தபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு அசுரன் என்னும் சொல் புதியதன்று. சூரபன்மன் மாமரமாய் நின்றதும், வேலவன் வேல் அம்மரத்தை இருகூறாகப் பிளந்ததும், ஒரு கூறு மயிலாகவும் மற்றொரு கூறு சேவலாகவும் ஆனதும் நம் பிள்ளைகளும் அறிந்த கதை. அசுரன் அங்கே அழிந்துபோகவில்லை. வாகனமாகவும் கொடியாகவும் இறைவனுக்குப் பயன்பட்டான். அந்த அசுரன் என்னும் சொல் பௌத்த நூல்களோடு சீனம் சென்றது. அங்கிருந்து கடல் கடந்து ஜப்பான் சென்றது. 'அஷுரா' என்றும், சுருங்கி 'ஷுரா' என்றும் அந்நாட்டில் வழங்கலாயிற்று. 1924ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஜப்பானின் வடகிழக்கே ஒரு சிற்றூரில், உழவுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் முதற்கவிதை நூலை அச்சிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வசந்தமும் அசுரனும்' என்பதாகும். அந்நூலில் அசுரன் என்று சுட்டப்படுபவர் வேறு எவருமல்லர், அந்த ஆசிரியரேதாம். வானுலகுக்கும் மண்ணுலகுக்கும் இடையே சினமும் தவிப்புமாக அலையும் ஓர் உயிர் என்று அவர் தம்மையே குறித்துக்கொண்டார். அவர் பெயர் மியாசாவா கெஞ்சி.

ஜப்பான் என்றதும் இந்நாட்டுத் தமிழர்தம் நெஞ்சில் எழும் நினைவு வேறு என்பதை மறப்பதற்கில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில், தோட்டப்புறங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வாராத தமிழர் பல்லாயிரவர். அந்த வடு இன்றும் பல குடும்பங்களில் ஆறவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் காத்த கதையை மூத்தோர் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அந்தப் போர் மூளுமுன்னரே, 1933இல், முப்பத்தேழு வயதில் மறைந்தவர் கெஞ்சி. ஒரு நாட்டின் படைகள் செய்த கொடுமையை அந்நாட்டு உழவனின் கணக்கில் எழுதுவது முறையாகாது. உழவர்க்காக உயிர் தேய்ந்த ஒருவரின் கணக்கில் எழுதுவது அதனினும் முறையாகாது.

கெஞ்சி பிறந்தது இவாத்தே என்னும் மாநிலத்தில், கித்தாக்காமி ஆற்றங்கரையில் உள்ள ஹனமாக்கி என்னும் ஊர். பிறந்த நாள் 1896 ஆகஸ்டு 27. அவ்வாண்டு ஜூன் திங்களில்தான் அப்பகுதியின் கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கி, ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். குழந்தை பிறந்த நான்காம் நாள் பெரும் நிலநடுக்கம் ஒன்று உள்நாட்டை உலுக்கிற்று. அவர் மறைந்த 1933ஆம் ஆண்டின் மார்ச் திங்களிலும் அதே கடற்கரை மீண்டும் ஒரு பேரலைக்கு இரையாயிற்று. இரண்டு பேரழிவுகளுக்கிடையே அமைந்த வாழ்வு அது.

ஆயினும் அப்பகுதி மக்களை ஆண்டாண்டுதோறும் அஞ்சச் செய்தது கடலன்று, கோடைக்காலத்துக் குளிர். நம் நாட்டில் நெல்லுக்கு வெயில் குறைவதில்லை; மழை மிகுதல், மழை பொய்த்தல் என்னும் இரண்டே கவலை. இவாத்தேயிலோ நெல் பூக்கும் வேளையில் வடகிழக்குக் கடலிலிருந்து 'யாமாசே' என்னும் ஈரக்குளிர்காற்று வீசத் தொடங்கிவிடும். வீசினால் கதிரில் பால் பிடிக்காது, பயிர் பச்சையாகவே நிற்கும், தாளிருக்கும், மணியிராது. 1902, 1905, 1913 ஆகிய ஆண்டுகளில் அங்கு விளைச்சல் பெரிதும் பொய்த்தது. அப்படிப்பட்ட ஆண்டில் உழவன் எங்கே செல்வான்? அடகுக்கடைக்குச் செல்வான். போர்வையையும், மனைவியின் உடையையும், சில வேளைகளில் சமைக்கும் பாத்திரத்தையும் கொண்டுசெல்வான்.

ஹனமாக்கியில் அந்த அடகுக்கடையை நடத்தியவர் கெஞ்சியின் தந்தையார்.

இவ்வரலாற்றின் முடிச்சு இங்கேதான் உள்ளது. அடகுக்கடையும் பழந்துணி வாணிகமும் அக்குடும்பத்தின் செல்வத்துக்கு ஊற்று. தந்தையார் கொடியவரல்லர், அமிதாப புத்தரை வழிபடும் நெறியில் ஆழ்ந்த பற்றுடையவர், ஊரார் மதித்தவர். மூத்த மகனாகிய கெஞ்சி, பள்ளிப் படிப்பு முடித்த காலத்தில் கடையில் அமர்ந்து, அடகு வைக்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். பேரம் பேச அவரால் முடியவில்லை. தாம் உண்ணும் சோறு எங்கிருந்து வருகிறது என்பதை அந்த இளைஞர் கண்டுகொண்டார். தோட்டப்புறக் கடைக் கணக்குப் புத்தகங்களையும் வட்டிக் கணக்கையும் அறிந்த நம்மவர்க்கு, அந்தக் கல்லாவுக்கு அப்பால் நின்றவர்களின் நிலையை விளக்க வேண்டுவதில்லை. கல்லாவுக்கு இப்பால் அமர்ந்திருந்த ஒரு பிள்ளை அதைத் தாங்கமாட்டாமல் தவித்தான் என்பதே கருதத்தக்கது.

பதினெட்டாம் வயதளவில் அவர் கையில் சத்தர்ம புண்டரீக சூத்திரம் கிடைத்தது. 'நல்லறத் தாமரை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வடமொழியில் தோன்றி, குமாரஜீவர் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்தில் பெயர்த்த நூல் அது. அதைப் படித்தபோது உடல் நடுங்கியது என்பர். உயிர்கள் அனைத்தும் உய்யும்வரை தம் உய்வை ஒத்திவைக்கும் போதிசத்துவர் என்னும் கருத்து அவரைப் பற்றிக்கொண்டது. 1918 முதல் புலால் உண்பதை விட்டார். மீன் இல்லாத உணவு எண்ணிப் பார்க்கவும் இயலாத அந்நாட்டில் அஃது எளிய செயலன்று.

1915இல் மொரியோக்கா நகரில் இருந்த உழவு, காட்டியல் உயர்கல்லூரியில் முதல் மாணவராகத் தேறிச் சேர்ந்தார். மண்ணியலும் வேதியலும் கற்றார். படிப்பு முடிந்ததும் தம் பகுதி மண்ணை ஆராயும் பணியில் ஈடுபட்டு, தோளில் பையும் கையில் சுத்தியலுமாக மலைமலையாக நடந்தார். எரிமலைச் சாம்பல் படிந்த அம்மண் புளிப்புத்தன்மை மிக்கது என்பதும், அதனாலேயே உரத்தின் பயன் குன்றுகிறது என்பதும் அவருக்குத் தெளிவாயின. வறுமைக்கு ஊழை மட்டும் காரணம் சொல்லிக்கொண்டிருந்த ஊரில், மண்ணில் ஒரு காரணம் இருப்பதைக் கண்டவர் அவர். காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும் அல்லவா?

எனினும் அவர் உடனே உழவர்பால் செல்லவில்லை. 1920இல் நிச்சிரேன் வழிவந்த ஓர் இயக்கத்தில் சேர்ந்து, 1921 ஜனவரியில் வீட்டாரிடம் சொல்லாமலே தோக்கியோவுக்குப் புறப்பட்டுவிட்டார். அவ்வியக்கம் சமயத்தோடு நாட்டு வெறியையும் குழைத்துக் கொடுத்த இயக்கம்; பிற்காலத்து ஆதிக்கப் போருக்கு முழக்கச் சொற்களை வழங்கியதும் அதுவே. கெஞ்சியின் பெருமையைப் பேசுவோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். மறைப்பதால் பயனில்லை. அவர் அங்கே தங்கியது சில மாதங்களே. அச்சகம் ஒன்றில் பிழைதிருத்தும் சிறுபணி செய்துகொண்டே, இரவெல்லாம் குழந்தைகளுக்கான கதைகளை எழுதிக் குவித்தார். ஆகஸ்டு திங்களில், தங்கை தோஷிக்கு உடல்நலம் குன்றிற்று என்னும் செய்தி கேட்டு, எழுதிய தாள்கள் நிறைந்த பெரிய பெட்டியோடு ஊர் திரும்பினார்.

அவ்வாண்டு டிசம்பரில் ஊர் உழவுப் பள்ளியில் ஆசிரியரானார். அதற்குமுன் பட்டுப்புழு வளர்ப்புக் கற்பித்த சிறு பள்ளி அது. ஊரார் அதை 'முசுக்கொட்டைப் பல்கலைக்கழகம்' என்று கேலி பேசினர். அங்கே நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் பணியாற்றினார். தம் வாழ்வில் மிக மகிழ்ந்திருந்த காலம் அதுவே என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். இயற்கணிதம், வேதியல், ஆங்கிலம், மண்ணியல், வானிலை, நெல் நடவு எனப் பலவும் கற்பித்தார். வகுப்பறைச் சுவருக்குள் அடங்காத ஆசிரியர். மாணவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வார். கித்தாக்காமியின் ஓரிடத்தில் நீர் வற்றியபோது வெளிப்படும் வெண்களிப்பாறையைக் கண்டு, ஆங்கிலேயரின் தோவர் கடற்கரை போன்றது என்று சொல்லி அதற்கு 'இங்கிலாந்துக் கடற்கரை' என்று பெயர் சூட்டினார். கடலைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு அது கடற்கரை ஆயிற்று. பாறையில் புதைந்து கல்லாகிப்போன காட்டுவாதுமைக் கொட்டைகளை அங்கே அவர்கள் தேடி எடுத்தனர். பிள்ளைகள் நீந்தும்போது இவர் கரையில் காவல் நிற்பார். எவனேனும் மூழ்கினால் தம்மால் காப்பாற்ற இயலாது என்பது அவருக்குத் தெரியும். அப்படி நேர்ந்தால் தாமும் குதித்து, சாவின் மறுகரைவரை அவனோடு சேர்ந்தே போய்விடுவது என்று உறுதி செய்துகொண்டதை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆசிரியப் பணியைப் பற்றி எத்தனையோ அறவுரைகள் உண்டு. இதைவிடப் பாரமான ஒன்று கிடைப்பது அரிது.

மாணவர்க்கென நாடகங்கள் எழுதி, அவர்களையே நடிக்கச் செய்தார். இவாத்தே என்னும் பெயரையே உருமாற்றி 'இஹாதோவ்' என்றொரு கனவு நாட்டைக் கதைகளில் படைத்தார். அங்கே நரியும் கரடியும் மனிதரோடு வழக்காடும். மின்கம்பங்கள் அணிவகுத்து நடக்கும். வறண்ட தம் ஊர்தான் அந்தக் கனவு நாடு. 'இந்திரனின் வலை' என்ற பெயரிலும் அவர் கதை ஒன்று உண்டு. மணிகள் கோத்த அவ்வலையில் ஒவ்வொரு மணியிலும் மற்ற மணிகள் எல்லாம் ஒளிரும் என்பது பௌத்தர் சொல்லும் உவமை.

1922 நவம்பர் 27 அன்று தங்கை தோஷி காசநோயால் மறைந்தார். வயது இருபத்துநான்கு. வீட்டில் கெஞ்சியின் சமய நெறியைப் பின்பற்றிய ஒரே உயிர் அது. இறக்கும் வேளையில் வாய்க்குக் குளிர்ச்சியாக வானிலிருந்து விழும் பனி வேண்டுமென்று அத்தங்கை கேட்க, அண்ணன் கிண்ணத்தோடு வெளியே ஓடி ஏந்தி வந்தார். அந்தக் காலைப்பொழுதைப் பாடிய கவிதை, இன்று ஜப்பானியப் பள்ளிப்பிள்ளைகள் பலரும் பயில்வது. கண்ணீர்ப் பாட்டு என்று மட்டும் அதைக் கருதவேண்டா. சாகும் தறுவாயிலும் அண்ணனுக்கு ஒரு பணி கொடுத்து, அவன் வாழ்நாள் முழுவதும் ஒளிபெறும்படி செய்தாள் தங்கை என்று அவர் புரிந்துகொண்டார்.

'வசந்தமும் அசுரனும்' 1,000 படிகள் சொந்தச் செலவில் அச்சிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் குழந்தைக் கதைத் தொகுதி ஒன்றும் 1,000 படிகள் வெளிவந்தது. இரண்டும் விற்கவில்லை. தலைநகரில் ஓரிருவர் வியந்து பாராட்டினர், அவ்வளவே. எழுத்துக்கென்று வாழ்நாளில் அவர் பெற்ற ஊதியம், ஓர் இதழில் வந்த கதைக்குக் கிடைத்த ஐந்து யென் மட்டுமே என்பர்.

நிலையான பணி, மதிக்கும் மாணவர், எழுதுவதற்கு ஓய்வு ஆகிய மூன்றும் அவர்க்கிருந்தன. ஆயினும் ஒரு முள் உறுத்திக்கொண்டேயிருந்தது. உழவுக் கல்வி பெற்றவர் ஊர் திரும்பி ஏர் பிடிக்க வேண்டும் என்று அவர் நாள்தோறும் மாணவர்க்குச் சொன்னார். சொன்னவரோ மாதச் சம்பளம் வாங்கும் அலுவலர். தந்தையின் அடகுக்கடை வீட்டில் உண்பவர். மாணவர் பலரும் ஊர் திரும்பாமல் அலுவலக வேலையே தேடினர். அவர்களைக் குறைகூறும் தகுதி தமக்கில்லை என்று அவர் கருதினார். 1926 மார்ச் திங்களில் பணியைத் துறந்தார்.

ஊருக்கு வெளியே, ஆற்றங்கரை மேட்டில், குடும்பத்துக்குச் சொந்தமான வீடு ஒன்று இருந்தது. தோஷி நோயுற்றபோது தங்கியிருந்த வீடு. அங்கே தனியாகக் குடியேறி, கீழே ஆற்றோரத்துப் புதர்நிலத்தைத் திருத்தித் தாமே கொத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவ்வீட்டில் 'ராசு நிலமக்கள் சங்கம்' தோன்றிற்று. 'ராசு' என்பதற்குப் பொருள் என்ன என்று கேட்டோர்க்கு அவர் தெளிவான விடை எதுவும் தரவில்லை. பகலெல்லாம் வயல்வேலை, மாலையில் பழைய மாணவரும் அண்டை உழவரும் கூடுவர். மண், பயிர் உடலியல், உரம் ஆகியவை பற்றிய பாடம் ஒரு நாள். எஸ்பெராந்தோ மொழி ஒரு நாள். இசைத்தட்டில் பீத்தோவன் கேட்டல் ஒரு நாள். கெஞ்சி செல்லோ என்னும் பெரிய நரம்பிசைக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, அதை வாசிக்கப் பெரும்பாடுபட்டார்; தேர்ச்சி பெற்றார் என்று எவரும் சொன்னதில்லை. உழவனுக்கு இசையும் கலையும் எதற்கு என்று கேட்டோர் உண்டு. கலை தொழில்முறைக் கலைஞரின் கைப்பொருளாய்ச் சுருங்கிவிட்டது, உழைப்பவனிடம் அது திரும்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. உழவர் கலையைப் பற்றிய குறிப்புகளாக அதை அவர் 1926இல் எழுதிவைத்தார்.

வீட்டு வாயிலில் ஒரு கரும்பலகை. தாம் கீழ்வயலில் இருப்பதாக அதில் வெண்கட்டியால் எழுதிவிட்டு வேலைக்குச் செல்வார். தேடி வருபவர் படித்துவிட்டு, மேட்டிலிருந்து இறங்கி வயலுக்கு வரலாம்.

இனி, எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி. அவர் செய்த உழவு வெற்றி பெற்றதா எனில், இல்லை என்றே சொல்ல வேண்டும். அவ்வூர் அதுவரை கண்டிராத தக்காளியும் சீன முட்டைக்கோசும் மலர்வகைகளும் பயிரிட்டார். அவற்றை அக்காலத்தில் விலை மிகுந்த இழுவண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுசென்று, விற்றது பாதி, கொடுத்தது பாதியாகத் திரும்புவார். குத்தகை நெல்லுக்குத் திண்டாடிய உழவர், செல்வர் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று நகைத்தனர். அந்த நகைப்பில் நேர்மை இருந்தது. விளைச்சல் பொய்த்தால் அவர்கள் பட்டினி கிடப்பர். அவரோ தந்தை வீட்டுக்குச் செல்லலாம். செல்லவில்லை என்பது அவர் மனவுறுதி. செல்லக்கூடும் என்பது அவரது நிலை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அவர் நன்கறிந்திருந்தார். தாயார் கொண்டுவந்த உணவையும் ஏற்க மறுத்து, ஆறிய சோற்றையும் ஊறுகாயையும் உண்டு உடலைக் கெடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். அச்செயலைப் போற்றுவதா, நொந்துகொள்வதா என்பது கேட்போர் முடிவுக்கே உரியது. பெற்ற தாயின் மனத்தை எண்ணினால் போற்றுவது கடினம்.

சங்கமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1927இல் உள்ளூர் நாளிதழ் ஒன்றில் சங்கத்தைப் பற்றிய செய்தி வந்தது; பொதுவுடைமைக் கூட்டமோ என்று காவல்துறை ஐயுற்று விசாரித்தது. வருபவர்க்குத் தீங்கு நேரக்கூடாதென்று இசைக்குழுவை அவர் கலைத்தார். கூட்டங்களும் அருகின.

எஞ்சி நின்றது ஒன்றே. கேட்டு வந்த உழவனுக்கு உரக்கணக்கு எழுதிக் கொடுக்கும் பணி. ஊரிலும் அண்டைக் கிராமங்களிலும் மேசை நாற்காலி போட்டு அமர்ந்து, வரிசையாக வருவோரிடம் வினவுவார். வயல் எங்குள்ளது? மேடா, பள்ளமா? நீர் எங்கிருந்து வருகிறது? சென்ற ஆண்டு என்ன இட்டாய்? எப்போது கதிர் சாய்ந்தது? களையில் எது மிகுதி? பிறகு, அந்த வயலின் மண்ணைத் தாமே நடந்து அறிந்தவராகையால், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, எந்த நெல் ஏற்றது என்று ஒரு தாளில் கணக்கிட்டு எழுதிக் கொடுப்பார். குளிரைத் தாங்கும் 'ரிக்கு-ஊ 132' என்னும் கலப்பின நெல்லைப் பரிந்துரைத்தார். கூலி பெறவில்லை. 1927ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் அவர் எழுதிக் கொடுத்த தாள்கள் ஏறத்தாழ 2,000 என்று கணக்கிடுவர்.

ஒரு கவிஞர் எழுதிய 2,000 தாள்கள் அவை. ஒன்றிலும் கவிதை இல்லை, எண்களே இருந்தன. படித்தவர்கள் அவற்றை இலக்கியத்தில் சேர்ப்பதில்லை. எனினும் 'வசந்தமும் அசுரனும்' வாங்கிப் படித்தோர் தொகையைவிட இத்தாள்களை வாங்கிப் படித்தோர் தொகை பெரிது என்பதில் ஐயமில்லை. அதுமட்டுமன்று, படித்தவர் ஒவ்வொருவரும் அதை நம்பித் தம் ஆண்டு உணவைப் பணயம் வைத்தனர். எந்தக் கவிஞனுக்கு அத்தகைய வாசகர் வாய்த்தனர்?

அந்த நம்பிக்கை பெரும் சுமையும் ஆயிற்று. தழைச்சத்து மிகுந்த பயிர் செழித்து வளரும். ஆனால் தாள் மெலிந்திருக்கும். புயல்மழை அடித்தால் சாய்ந்துவிடும். குளிரும் ஈரமும் நீடித்தால் குலைநோய் பற்றும். வானம் கணக்குக்குக் கட்டுப்படாது. 1927, 1928 ஆகிய இரு ஆண்டுகளின் கோடையிலும், தாம் கணக்கு எழுதிக் கொடுத்த வயல்களைத் தேடி மழையிலும் வெயிலிலும் ஓடினார். சாய்ந்த பயிரைக் கண்டு, இழப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டுமே என்று மனம் புழுங்கினார். அக்காலக் கவிதைகளில் அந்தப் பதற்றம் ஒளிவின்றித் தெரிகிறது. 1928 ஆகஸ்டில் காய்ச்சலில் வீழ்ந்தார். தங்கையைக் கொண்டுபோன அதே நுரையீரல் நோய். எந்த வீட்டிலிருந்து வெளியேறினாரோ அந்த வீட்டுக்கே படுக்கையாகத் திரும்பினார்.

ஓரளவு தேறியதும் 1931இல் சுண்ணாம்புக்கல் பொடிக்கும் ஆலை ஒன்றில் தொழில்நுட்பராகச் சேர்ந்தார். புளிப்பு மண்ணுக்கு மருந்து மலிவாகக் கிடைக்கவேண்டும் என்னும் பழைய எண்ணமே அதற்குக் காரணம். தொழில்நுட்பர் என்பது பெயர். விற்பனையாளர் என்பதே உண்மை. அடகுக்கடைக் கல்லாவில் பேரம் பேச முடியாமல் கூசியவர், சுண்ணாம்புப் பொடிக்காக ஊர் ஊராகச் சென்று கடைக்காரரிடமும் அலுவலரிடமும் தலைவணங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில், ஏறத்தாழ நாற்பது கிலோ எடையுள்ள மாதிரிக் கற்கள் அடங்கிய பெட்டியோடு தோக்கியோ சென்றவர், விடுதியில் கடுங்காய்ச்சலில் விழுந்தார். பெற்றோர்க்கு இறுதி மடலும் எழுதிவிட்டார். தந்தையார் ஏற்பாடு செய்ய, இரவு வண்டியில் ஊர் வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 3 அன்று, படுத்த படுக்கையில், சிறு கைக்குறிப்பேட்டில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினார். மழைக்கும் காற்றுக்கும் தளராத ஒருவனாகத் தாம் ஆகவேண்டும் என்னும் வேண்டுதல் அது. எவரிடமும் அவர் காட்டவில்லை. 1934இல், அவர் மறைந்த பின், பழைய பெட்டியின் பையிலிருந்து அக்குறிப்பேடு கிடைத்தது. இன்று ஜப்பானில் அதை அறியாதார் இல்லை எனலாம். போர்க்காலத்தில் ஆட்சியாளர் அதை எடுத்து, மக்களே, குறைகூறாமல் பொறுத்திருங்கள் என்று சொல்லப் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்து, 1947இல் பள்ளிப்பாட நூலில் சேர்த்தபோது, நாள் ஒன்றுக்கு நான்கு அளவு அரிசி என்று கவிஞர் எழுதியிருந்ததை மூன்று அளவு என்று திருத்தினர். நாட்டில் அவ்வளவு உணவுப் பஞ்சம். அருளாளர் பாடலானாலும் அதை ஆளுவோர் கையில் விட்டுவிட்டால் அரிசிகூடக் குறையும் போலும்!

மறைவதற்கு முந்திய ஆண்டில், 1932இல், 'குஸ்கோ புதோரியின் வரலாறு' என்னும் நெடுங்கதை ஓர் இதழில் வெளிவந்தது. குளிர் மிகுந்த ஆண்டில் பெற்றோரை இழந்த சிறுவன் புதோரி, எரிமலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாளனாகிறான். மீண்டும் குளிர் வரும் ஆண்டில், எரிமலை ஒன்றை வெடிக்கச் செய்தால் கரியமில வாயு வானில் பரவி நிலம் வெப்பமுறும் என்று கணக்கிடுகின்றனர்; ஆனால் கடைசியாக அங்கே நிற்கும் ஒருவன் திரும்பி வர இயலாது. புதோரி நிற்கிறான். அக்கதையில் நெல்லுக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் 'ஒரைசா' என்னும் பெயரையே கெஞ்சி எடுத்தாண்டுள்ளார். அச்சொல்லுக்கு மூலம் நம் 'அரிசி' என்று சொன்ன அறிஞர் உண்டு, மறுப்போரும் உண்டு. கதையில் ஓரிடம் கூர்ந்து நோக்கத்தக்கது. உரமிடும் முறையைத் தவறாகக் கற்பித்த உழவு வல்லுநர் ஒருவர், பயிர் சாய்ந்ததும் பழியை எரிமலை நிலையத்தின்மேல் போட்டுவிடுகிறார். சினமுற்ற உழவர் புதோரியை அடித்து வீழ்த்துகின்றனர். அடிபட்டவனைப் படைத்தவரும், தவறாகக் கணக்கிட்டவனைப் படைத்தவரும் ஒருவரே. இருவரிலும் தம்மை அவர் கண்டிருக்க வேண்டும்.

1933 செப்டம்பர் திங்களில் ஹனமாக்கியில் ஆண்டுத் திருவிழா மூன்று நாள் நடந்தது. அவ்வாண்டு அங்கு விளைச்சல் நிறைவு. நெற்கதிர் தலைசாய்ந்து நின்ற மகிழ்ச்சியில் ஊரே திரண்டது. விழாவின் இறுதி நாள் இரவு, தெய்வம் எழுந்தருளிய பல்லக்கைத் தோளில் சுமந்து வருவதைக் காண, நோயாளி வீட்டு வாயிலுக்கு வந்து நின்று வணங்கினார். இரவுக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, மறுநாள் நோய் முற்றிற்று.

அன்று, செப்டம்பர் 20, இரவு ஏழு மணியளவில் வாயிலில் ஓர் உழவர் வந்து நின்றார். உரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றார். உள்ளே இருப்பவர் நிலை அவருக்குத் தெரியாது. வீட்டார் திருப்பி அனுப்பியிருப்பர். கெஞ்சி, முக்கியமானவராயிற்றே என்று சொல்லிக் கட்டிலை விட்டு எழுந்து, உடை மாற்றி, வாயில் அறைக்கு வந்து மண்டியிட்டு முறைப்படி அமர்ந்தார். வந்தவர் அவசரமின்றி, கிராமத்து வழக்கப்படி, வயலின் கதையைச் சுற்றி வளைத்துச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மணி நேரம். இடைமறிக்காமல் கேட்டு, வேண்டிய விடையைக் கூறி அனுப்பினார். உள்ளே குடும்பத்தார் சினத்தாலும் அச்சத்தாலும் துடித்துக்கொண்டிருந்தனர்.

மறுநாள் பிற்பகல் உயிர் பிரிந்தது. தாமரைச் சூத்திரத்தை 1,000 படிகள் அச்சிட்டு நண்பர்க்கு வழங்குமாறு தந்தையாரிடம் கேட்டுக்கொண்டதே இறுதி வேண்டுகோள். தந்தையார் அடுத்த ஆண்டில் அதை நிறைவேற்றினார். மகனோடு நெறி குறித்து ஆண்டுக்கணக்கில் வாதிட்ட அப்பெரியவர், 1951இல், தம் முதுமையில், மகன் நெறிக்கே மாறினார்.

அச்சேறாத கையெழுத்துப் படிகளைத் தம்பி செய்ரோக்கு காத்தார். 1945 ஆகஸ்டு 10 அன்று ஹனமாக்கி மீது குண்டு வீசப்பட்டு வீடு எரிந்தபோதும், களஞ்சியத்திலிருந்த அந்தப் பெட்டிகளை அவர் காப்பாற்றினார். ஆற்றங்கரை மேட்டிலிருந்த சங்க வீடு பின்னர் இடம் பெயர்க்கப்பட்டு, ஹனமாக்கி உழவு உயர்நிலைப் பள்ளியின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. வாயிலில் அதே போன்ற கரும்பலகை; அதில், அவர் கீழ்வயலில் இருப்பதாக வெண்கட்டியால் எழுதப்பட்ட வாசகம். எழுத்து மங்கும்போதெல்லாம் அப்பள்ளி மாணவர் அதன்மேல் மீண்டும் எழுதி வைக்கின்றனர்.